தராசு வந்த பிறகு

ஜனவரி 14, 2025
சர்க்கரைப் பொங்கலில் இருந்த முந்திரிக்கு யாரும் பதறவில்லை, திராட்சைக்குத்தான் பதறினார்கள். நாய்களின் சிறுநீரகத்துக்கு அது ஆகாதாம். ஓர் ஊசி போட்டதும் உண்ட அனைத்தையும் திருப்பிக் கொடுத்தேன். நெய் மணம் மாறாமல் தரையில் கிடந்ததை மீண்டும் உண்ண முன்வந்தேன். அதையும் தடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 16
காலில் குளுக்கோஸ் ஏறுகிறது. வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 17
சிறுநீரகம் நலம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் எடைமேடை 39 கிலோ காட்டிவிட்டது. மருத்துவர் என் விலா எலும்பை விரலால் தேடிப் பார்த்து, கிடைக்காமல், 32க்கு இறங்க வேண்டும் என்றார். வரும் வழியிலேயே அப்பா ஒரு தராசு வாங்கினார். இனிக் காலையில் 140 கிராம், இரவில் 140 கிராம் உலர் உருண்டைகள்.

ஜனவரி 18
140 கிராம். தட்டில் கூடுதலாக விழுந்த ஓர் உருண்டையை அப்பா எடுத்துப் பைக்குள் போட்டார். வங்கியில் காசாளராக இருந்தவர்.

ஜனவரி 21
என் இனத்தவராகிய லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள் என்று அம்மா கைபேசியில் படித்துக் காட்டினாள். குற்றம் மரபணுவினுடையது என்றால் தண்டனை மட்டும் ஏன் என் தட்டில் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மாறாக, வயிறு நிறைந்ததாகத் தோன்றட்டும் என்று உப்பும் தாளிப்பும் இல்லாத வேகவைத்த பீன்ஸைக் கலந்தார்கள். பீன்ஸை மட்டும் ஒதுக்கி வைத்தேன். பிறகு அதையும் தின்றேன். அது என் எதிர்ப்பைப் பலவீனப்படுத்திவிட்டது என்பதை அறிவேன்.

பாட்டியின் முந்தானையில் அரை இட்லி இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 24
அரை இட்லி. நல்லெண்ணெய் தடவியது.

ஜனவரி 25
39 கிலோ 400 கிராம். அப்பா தராசைத் தட்டிப் பார்த்தார், மின்கலத்தை மாற்றினார், இறுதியில் பாட்டியைப் பார்த்தார். "அவன் உடம்பு வாகு அப்படிடா" என்றாள் பாட்டி. அந்த வீரத்தைக் கண்டு என் வால் தன்னை மறந்து ஆடிற்று. ஆடியிருக்கக் கூடாது.

ஜனவரி 26
பாட்டியின் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. சித்தப்பா வீட்டுக்கு, திருச்சிக்கு, ஒரு மாதம். இது முன்பே முடிவானது என்கிறார்கள், நான் நம்பவில்லை. பெட்டியின் மேல் படுத்துக்கொண்டேன். 39 கிலோவுக்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைத்தது: பத்து நிமிடம் யாராலும் அதைத் தூக்க முடியவில்லை. ஆயினும் பல்லவன் ரயிலை அவர்கள் தவறவிடவில்லை.

ஜனவரி 27
140. முந்தானை இல்லை.

ஜனவரி 28
இரவு பாட்டி தொலைபேசியில் அழைத்தாள். அம்மா அதை என் காதருகே பிடித்தாள். "சாப்டியா ராசா?" என்று கேட்டது. இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று முறை தெளிவாகக் குரைத்தேன்.

"சாப்பிட்டுட்டானாம் அத்தை" என்றாள் அம்மா.