பதினான்கு வாக்குறுதிகளும் எங்கள் ஊர் ஏரியும்

எங்கள் தொகுதியில் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் வேட்பாளர் ஒருவரின் துண்டறிக்கை வீட்டு வாசலுக்கு வந்த அன்று மாலையே, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தேன். அதில் பதினான்கு வாக்குறுதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நிறைவேற்றும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பது வாக்குறுதிகள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ உரியவை. இரண்டு ஒன்றிய அரசு முடிவு செய்ய வேண்டியவை. சட்டமன்றத்தில் பேசித் தீர்க்கக்கூடியவை என்று மிஞ்சியவை மூன்றே மூன்று. அவர் பெயரையும் கட்சியையும் இங்கே எழுதவில்லை. எனக்கு முக்கியம் அவர் எடுத்த நிலைப்பாடுகள்தான். அவற்றை எப்படி எடைபோடுவது என்று நான் யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றை வேட்பாளரிடம் கேட்பது நம் பழக்கமாகிவிட்டது. கேட்கிறோம், அதனால் அவரும் எழுதித் தருகிறார். ஆனால் 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள், ஊராட்சிகளுக்கு 29 துறைகளையும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 துறைகளையும் அட்டவணையிட்டுக் காட்டியுள்ளன. அவற்றில் எவற்றை, எந்த அளவுக்கு, எவ்வளவு நிதியோடு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது. ஆகவே சாக்கடை கட்டித் தருவேன் என்பதைக் காட்டிலும், சாக்கடை கட்டும் அதிகாரத்தையும் பணத்தையும் ஊராட்சிக்கு வாங்கித் தருவேன் என்பதே ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொல்ல வேண்டிய வாக்குறுதி. துண்டறிக்கையில் அப்படி ஒரு வரியும் இல்லை.

எங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்கிறேன். துண்டறிக்கையில் ஏழாவது வாக்குறுதி அதுதான்: ‘ஏரி தூர்வாரப்படும், ஆக்கிரமிப்பு அகற்றப்படும்.’ கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. எங்கள் ஏரி சிறியது, ஒன்றியத்துக்கு உரியது. மேலே இருக்கும் பெரிய ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால்தான் இதற்குத் தண்ணீர். அந்தப் பெரிய ஏரியோ துறையிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் வரத்து வாய்க்கால் சீமைக்கருவேல மரங்கள் மண்டிப் பாதி தூர்ந்து கிடக்கிறது. அதற்காக நான் மனு கொடுத்த முதல் அலுவலகத்தில் இரண்டாவது அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவது அலுவலகத்தில் முதலாவதற்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். இரண்டு மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

ஆக்கிரமிப்பைப் பொறுத்தவரை நிலைமை இதைவிட நுட்பமானது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு 2007-இல் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அளவீடு செய்து எல்லையைக் குறிப்பது, அறிவிப்பு கொடுத்து அகற்றுவது என்று அதன் நடைமுறைகள் தெளிவானவை. ஆனால் அந்தச் சட்டம் அப்போதைய பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள எங்கள் ஏரி போன்ற சிறிய ஏரிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. அவற்றுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே கதி. சிறிய ஏரியின் கரையில் பத்தடி போனாலே நீர்ப்பிடிப்பில் பெரும்பங்கு போய்விடும் என்பதால், பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது இவற்றுக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சட்டத்தைத் திருத்தி எல்லா நீர்நிலைகளுக்கும் விரிவுபடுத்தக்கூடிய இடம் சட்டமன்றம் ஒன்றுதான். ஏழாவது வாக்குறுதிக்குப் பின்னால் இருக்க வேண்டிய நிலைப்பாடு இதுவே.

இரண்டு நாள் கழித்து வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். கூட்டம் அதிகமில்லாத நேரம் என்பதால் பேச முடிந்தது. ஏரியைப் பற்றிக் கேட்டதும், “ஐயா, தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து தூர்வாரித் தருகிறேன்” என்றார். மறுத்துச் சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அந்த நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதிலும் ஒரு பகுதியை அரசு வகுத்துள்ள பணிகளுக்கே செலவிட வேண்டும். பள்ளிக் கட்டடம், நிழற்குடை, சிமெண்ட் சாலை, மேல்நிலைத் தொட்டி என்று தொகுதி முழுவதும் கை நீட்டும்போது எங்கள் ஏரிக்கு என்ன மிஞ்சும்? அப்படியே தூர்வாரினாலும், எல்லைக்கல் நடாமல் தூர்வாரிய ஏரியில் அடுத்த கோடையிலேயே மறுபடியும் வரப்பு முளைக்கும்.

பிறகு 2007 சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். சட்டமன்ற உறுப்பினரின் கையில் உள்ள கருவிகள் ஒன்றும் குறைவானவை அல்ல. கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்டுப் பதிலைப் பெறலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை மீதான விவாதத்தில் பேசலாம், அந்த நிதியைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அமைச்சர் அவையில் கொடுக்கும் வாக்கு நிறைவேறியதா என்று பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2022-இல் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டிருந்தார். அந்தப் பத்தில் எது இடம்பெற வேண்டும் என்று மக்களைக் கேட்டு முடிவெடுப்பதும் உறுப்பினரின் வேலைதான்.

ஒரு வரம்பையும் இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் சார்பில் உத்தரவிடும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். எனவே கட்சியின் முடிவுக்கு எதிராக வாக்களிப்பேன் என்று எந்தக் கட்சி வேட்பாளரிடமும் நான் உறுதி கேட்பதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கும், திருத்தம் கோருவதற்கும், தன் கட்சிக்குள் வாதாடுவதற்கும் கொறடா குறுக்கே நிற்பதில்லை.

டாஸ்மாக் கடையை இடம் மாற்றுவதும் காலை நேரப் பேருந்தும் மாநில அரசின் நிறுவனங்களைச் சார்ந்தவை. இவற்றில் அவருடைய நிலைப்பாடு தெளிவாகவே இருந்தது. பள்ளி நேரத்துக்கு ஒரு நடை கூடுதலாகக் கேட்பேன், கடையை இடம் மாற்றக் கோருவேன் என்றார். செய்யக்கூடியவையே. அவற்றில் எனக்குக் குறையில்லை.

சொத்து வரியில்தான் தடுமாறினார். வரியைக் குறைப்பேன் என்று நகராட்சிப் பகுதிக்கான துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார். 2022 பிப்ரவரியில், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலிலேயே சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் அறிவிப்பு மாநில அரசிடமிருந்து வந்தது. புதிதாகப் பதவியேற்ற மன்றங்களுக்கு அதைத் தீர்மானமாக நிறைவேற்றும் வேலைதான் மிஞ்சியது. வரி கூடுதலா குறைவா என்பதை விடுங்கள். மன்ற உறுப்பினர் முடிவெடுக்க வேண்டியதை அரசாணை முடிவெடுப்பது சரியா என்பதே நான் அவரிடம் கேட்டது. நல்ல கேள்வி என்றார், பதில் சொல்லவில்லை.

கடைசியாக உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது அது மீறப்பட்டது. 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அரசு நியமித்த தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்தில் எங்கள் ஏரிக்காக யார் கிராம சபையில் பதில் சொல்வது? ஒன்பது வாக்குறுதிகளை உள்ளாட்சிகளின் வேலையிலிருந்து எடுத்து அச்சிட்டவர், அந்த உள்ளாட்சிகளுக்குக் காலத்தில் தேர்தல் நடக்க வேண்டும் என்று பேசுவாரா என்பதை நான் அறிந்தாக வேண்டும்.

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு துண்டறிக்கையை என்னிடமிருந்தே வாங்கிப் பின்பக்கத்தில், 2007 ஏரிச் சட்டம், உள்ளாட்சித் தேர்தல் என்று இரண்டு வரிகள் எழுதி, தலைமையிடம் கேட்டுவிட்டு எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லி, உதவியாளரிடம் கொடுத்தார். என் பென்சில் குறிப்புகள் அந்தத் தாளோடு போய்விட்டதால், வேறொரு துண்டறிக்கையை வாங்கிப் பதினான்கையும் மறுபடி குறித்து வைத்திருக்கிறேன். வாக்குப்பதிவுக்கு முன் பதில் வந்தால் அதை அப்படியே இங்கே பதிவிடுகிறேன்; மற்ற வேட்பாளர்கள் எங்கள் தெருவுக்கு வரும்போது அவர்களிடமும் இதே இரண்டு கேள்விகளைக் கேட்பேன்.