நமக்கு செட் ஆகுமா, அக்கா?

எழும்பூர் கவின்கலைக் கல்லூரி ஜூனியர்கள் டிசம்பர், ஜனவரி வாக்கில் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போடலாமா, இடம் கிடைத்துப் போனாலும் நம்மை மாதிரி ஆட்களுக்கு அங்கே செட் ஆகுமா, அது இளவரசர் படித்த ஊர், கோல்ஃப் ஊர், பணக்காரப் பிள்ளைகள் ஊர் என்கிறார்களே அக்கா என்று. தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில், நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்று மூன்று தெரு, கிழக்கே போனால் இடிந்து நிற்கும் பேராலயம், அதைத் தாண்டினால் கடல், ஊர் அவ்வளவுதான். 1413-இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் வாங்கிய பல்கலைக்கழகம், ஸ்காட்லாந்திலேயே பழையது. ரயில்கூட ஊருக்குள் வராது, லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இவ்வளவு சின்ன ஊரில் மெழுகு பூசிய பச்சை ஜாக்கெட்டும், கையில்லாத பஞ்சு மேல்சட்டையும், சுண்டுவிரலில் குடும்ப முத்திரை மோதிரமுமாகப் பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்தால் கண்ணில் வேறு யாரும் படமாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து படிப்பவர்கள் ஏராளம். போலோ ஆட ஒரு கிளப் இருக்கிறது, களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுட ஒரு கிளப் இருக்கிறது, அந்தச் சுடுகிற கிளப் நடத்தும் பெரிய நடன விருந்துக்கு எல்லோரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார்கள். நான் போய் இறங்கிய செப்டம்பரில், முதல் வாரம் முழுக்க, எந்த விருந்துக்கு டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும் என்பதைத் தவிர வேறு பேச்சு காதில் விழவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அப்பா மதுரையில் சைன்போர்டு எழுதியவர், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு ஃப்ளெக்ஸ் கடையிலேயே வேலைக்குப் போனவர். நான் எழும்பூரில் பிரிண்ட்மேக்கிங் படித்துவிட்டு, பாதி ஸ்காலர்ஷிப் பாதி பேங்க் லோனில் புகைப்பட வரலாறு முதுகலைக்குப் போனேன். மூக்குத்தி, கையில் மை அழுக்கு, இரண்டே ஸ்வெட்டர். அந்தக் கோலத்தில் அந்த ஊருக்குள் போனால் எப்படி இருக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்?

இங்கேதான் நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று இருந்தது. கலை ஒரு பக்கம், பணக்காரக் கோஷ்டி மறுபக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டு போகிறோம். நம் ஊரில் டிராயிங் படிக்கப் போகிறேன் என்றால் இன்ஜினியரிங் சீட் கிடைக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் பாவப்பட்டுக் கேட்பார்கள். அங்கே நிலைமை தலைகீழ். கலை வரலாறு என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகள் காலம் காலமாக எடுத்து வந்த பாடம். இளவரசர் வில்லியம் 2001-இல் அங்கே சேர்ந்தது கலை வரலாறு படிக்கத்தான், அப்புறம்தான் புவியியலுக்கு மாறினார். கேட் மிடில்டன் 2005-இல் பட்டம் வாங்கியதும் கலை வரலாற்றில்தான். ஆகவே முத்திரை மோதிரக் கோஷ்டியைவிட்டு விலகிக் கலைக்காரர்களோடு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு முதல் வகுப்பிலேயே அடிபட்டுப்போனது, மோதிரக்காரர்கள் எனக்கு இடதும் வலதுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் மோசமானவர்களா என்றால் இல்லை. நன்றாகப் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள். எந்த ஓவியத்தை எடுத்தாலும் அதைப் பாட்டியோடு வெனிஸ் போனபோது நேரில் பார்த்திருப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில், அதிலும் பாதி கறுப்பு வெள்ளை. ஆனால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் கதை வேறு. நூலகத்தின் சிறப்புத் தொகுப்பு வாசிப்பறையில் பழைய அச்சுப் படங்களை எங்கள் முன்னால் வைத்து என்ன முறையில் அச்சிட்டது என்று கேட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் தாளைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தேன், தகடு அழுத்திய தடம் சுற்றிலும் மெல்லிய பள்ளமாகத் தெரிந்தது. எழும்பூர் ஸ்டூடியோவில் ஆசிட் நெடியில் நின்று, ஈரத் தாளைப் பிரஸ்ஸுக்குள் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிய கைக்கு அது சொல்லாமலே தெரியும். செதுக்கிய உலோகத் தகட்டில் அச்சிட்டது என்று சொன்னேன். எல்லோரும் எழுந்து வந்து தாளைச் சாய்த்துப் பார்த்தார்கள். உடனே பக்கத்திலிருந்த லண்டன் பெண், சரி, இதை யார் காசு கொடுத்து அச்சிட வைத்தார்கள், யாருடைய வீட்டில் இருந்து இங்கே வந்தது என்று வரிசையாகக் கேட்டாள். எனக்கு அந்தப் பக்கம் யோசிக்கவே தோன்றியதில்லை. நம் கல்லூரியில் அப்படி யாரும் கேட்டதும் இல்லை. அந்த வருஷம் முழுக்க அவளிடமிருந்து நான் திருடிக்கொண்டது இந்தக் கேள்விகளைத்தான்.

புகைப்படம் பிடிக்கும் என்றால் அந்த ஊரை விடாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். காகித நெகட்டிவில் படம் எடுக்கும் தன் கலோடைப் முறைக்கு 1841-இல் டால்பட் என்ற ஆங்கிலேயர் வாங்கிய காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் கல்லூரி முதல்வராக இருந்த டேவிட் ப்ரூஸ்டர் அவருக்கு நண்பர், கடிதத்திலேயே செய்முறை வந்து சேர்ந்துவிட்டது. ப்ரூஸ்டர் சொல்லி, ஜான் ஆடம்ஸன் என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்துப் பழகி, தம்பி ராபர்ட்டுக்கும் கற்றுக்கொடுத்து, அந்தத் தம்பிதான் எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். ஜான் ஆடம்ஸன் இருந்த வீடு சவுத் ஸ்ட்ரீட்டில் இன்னும் இருக்கிறது. எனக்கு இதில் தனி ஆசை ஏன் என்றால், எழும்பூரில் நம் கல்லூரியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் ஒரு சர்ஜன்தான், அவரும் மெட்ராஸில் கேமராவைப் பிடித்துக்கொண்டு அலைந்தவர்தான். மெழுகுக் காகித நெகட்டிவில் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த லின்னேயஸ் ட்ரைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எந்த மண்டபத்தில் எந்நேரம் வெளிச்சம் விழும் என்று நினைவிலிருந்து சொல்ல வகுப்பில் என்னைத் தவிர ஆள் இல்லை.

இப்போது கசப்பான பகுதி. ஒட்டாமல் போவது ரசனையால் அல்ல, காசால். விருந்துக்கு டிக்கெட், அதற்கு முன்னால் ஒரு சாப்பாடு, பிறகு ஒரு டாக்ஸி என்று அவர்கள் ஒரு ராத்திரியில் செலவழிப்பது என் இரண்டு வார மளிகை. ஸ்டூடன்ட் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நான் விருந்துகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போனேன். கறுப்புச் சட்டை, கறுப்பு ஏப்ரன், கையில் மூன்று தட்டு. ஒருநாள் நான் போன மேஜையில் என் வகுப்புப் பையன் ஒருவன், கில்ட் என்கிற ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டி, வெள்ளிப் பித்தான் வைத்த கோட்டுடன். பார்த்தான், சிரித்தான், என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, "வெஜிடேரியன் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். மறுநாள் செமினாரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நேற்று சால்மன் ரொம்ப வறண்டிருந்ததே என்றான். கிச்சனில் நாங்களும் அதைத்தான் பேசிக்கொண்டோம் என்றேன். அன்றிலிருந்து நல்ல சிநேகம். இப்படி முடியாத மேஜைகளும் இருந்தன, நிமிர்ந்தே பார்க்காதவர்கள். அவர்களை நினைத்துத் தூக்கம் கெட்ட ராத்திரிகளும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

டிக்கெட் வாங்கி நானே போன விருந்தும் உண்டு. ஆண்கள் கில்ட்டில் வருகிற இடத்தில் பட்டுப்புடவை கட்டிப் போனால் யாரும் தப்பாகப் பார்க்கமாட்டார்கள், பார்க்கிறவர்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆஹாவை நட்பு என்று கணக்கில் வைக்காதீர்கள், மறுநாள் நூலகத்தில் அதே ஆட்களுக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருக்காது. ஆனால் கெய்லி என்கிற அவர்கள் ஊர் நடனத்தைத் தவறவிடாதீர்கள். ஒருவர் மைக்கில் அடுத்த அடி என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார், ஜோடி மாறிக்கொண்டே இருக்கும், கோலாட்டம் ஆடியவர்களுக்குக் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். புடவையில் மட்டும் வேண்டாம், ஸ்ட்ரிப் த வில்லோ என்றொரு ஆட்டத்தில் சுழற்றி எறிவார்கள். கவுன் வேண்டுமென்றால் ஊரிலுள்ள தர்மக் கடைகளுக்குப் போங்கள். இந்தப் பிள்ளைகள் ஒருமுறை உடுத்திவிட்டுக் கொடுத்த உடுப்பெல்லாம் அங்கேதான் தொங்கும். என் பச்சை ஜாக்கெட்டும் அங்கே எடுத்ததுதான், மழைக்கு அதைவிட நல்லது கிடையாது, அந்த விஷயத்தில் கோஷ்டிக்காரர்கள் புத்திசாலிகள்.

இளநிலைக்குப் போகும் பிள்ளைகள் ஊரோடு ஒட்டிக்கொள்வது எங்களைவிட சுலபம். நாலு வருஷப் படிப்பு, முதல் இரண்டு வருஷம் பல பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம். கட்டணம்தான் மலைக்க வைக்கும், வெளிநாட்டவர்களுக்கு வருஷத்துக்கு 30,000 பவுண்டுக்கு மேல். சீனியர்கள் முதல் வருஷத்துப் பிள்ளைகளைத் தத்தெடுத்து அம்மா அப்பா ஆகிவிடுவார்கள், அந்த உறவு முறை அத்தை, தாத்தா வரைக்கும் போகும், ரெய்சின் வீக்கெண்ட் என்று வருஷத்துக்கொரு முறை குடும்பத்தோடு கூத்தடித்துவிட்டு திங்கட்கிழமை ஷேவிங் நுரையில் புரளுவார்கள். சிவப்புக் கம்பளி அங்கி அவர்களுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. மதச் சீர்திருத்தம் பேசிய பேட்ரிக் ஹாமில்டனை 1528-இல் எரித்த இடத்தில் அவர் பெயரின் முதல் எழுத்துகளைக் கல்லில் பதித்திருக்கிறார்கள், அதை மிதித்தால் பரீட்சையில் கோட்டை விடுவோமாம், பரிகாரம் மே முதல் தேதி விடியற்காலை வட கடலில் முழுக்கு. சகுனம், பரிகாரம் எல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் மாதிரி ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்றால், முதல் வாரத்தில் எங்கும் இருக்கமாட்டார்கள், அறையில் இருப்பார்கள். அக்டோபரில் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பைர் தியேட்டர் பக்கம் போங்கள், 1933-இல் மாட்டுக் கொட்டகையில் ஆரம்பித்த அரங்கு அது. மெர்மெய்ட்ஸ் என்ற மாணவர் நாடகக் குழுவில் செட் வரைய, போஸ்டர் போட எப்போதும் ஆள் தேடுவார்கள், நடிக்கத்தான் போட்டி. மார்ச்சில் ஸ்டான்சா என்கிற கவிதைத் திருவிழா, 1998-இலிருந்து நடக்கிறது, வாலன்டியராகச் சேர்ந்தால் கவிஞர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்கலாம். என் நெருங்கிய சிநேகிதி அங்கே கிடைத்தவள்தான், அதே கவுன்டியில் சுரங்கம் மூடிப்போன ஒரு ஊர்க்காரி. ஸ்காட்லாந்துப் பிள்ளை என்பதால் அவளுக்கு ஃபீஸை அரசாங்கம் கட்டுகிறது, ஆனாலும் சொந்த நாட்டில் தன் பேச்சுவழக்கை மாற்றிக்கொள்ளாமல் வகுப்பில் வாய் திறக்க அவள் என்னைவிட அதிகம் தயங்கினாள்.

மூச்சு முட்டினால் 99-ஆம் நம்பர் பஸ் ஏறிப் பக்கத்து நகரமான டண்டீ வந்துவிடுங்கள். 22 வயதுக்குக் கீழே என்றால் ஸ்காட்லாந்தில் வசிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் அட்டை வாங்கிக்கொண்டால் பஸ் இலவசம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த வி அண்ட் ஏ டிசைன் மியூசியம் ஆற்றங்கரையில் இருக்கிறது, டிசிஏ என்ற கலை மையத்தில் வெளியாட்களும் பயன்படுத்தக்கூடிய பிரிண்ட் ஸ்டூடியோ இருக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கும். டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டுகிற நாட்களில், அந்த ஸ்டூடியோவின் மை வாசனையில்தான் எனக்கு உயிர் வந்தது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் படிக்கும்போதே டண்டீயில் தங்குபவர்களும் நிறைய. படித்து முடித்து நானும் இப்போது இங்கேதான் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டு அப்ளிகேஷன் போடுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் படம் வரையச் சொல்லித்தரும் பட்டப்படிப்பு கிடையாது. தூரிகையும் களிமண்ணும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் டண்டீயில் டங்கன் ஆஃப் ஜோர்டன்ஸ்டோன் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது, கிளாஸ்கோவும் எடின்பரோவும் இருக்கின்றன, அங்கே போங்கள், கோஷ்டியைப் பற்றிய கவலையே எழாது. படங்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் ஆசை, கையில் வேலையும் தெரியும் என்றால் என்னைக் கேட்டால் போகலாம் என்பேன், பேங்க் லோனை எப்படிக் கட்டுவது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு. முதுகலைக்கு போர்ட்ஃபோலியோவை நம்பிப் போகாதீர்கள், பார்ப்பது உங்கள் எழுத்தைத்தான். எழும்பூரில் நமக்குப் பழக்கமில்லாதது அதுதான், ஆகவே இப்போதே உட்கார்ந்து இரண்டாயிரம் வார்த்தை எழுதிப் பாருங்கள். அனுப்பினால் சிவப்புப் பேனா பிடித்துத் தருகிறேன். ஸ்டான்சா நடக்கும் வாரத்தில் மட்டும் கேட்காதீர்கள், அப்போது டீ கொடுக்கப் போயிருப்பேன்.