லிஸ்ட்டை யார் போடுகிறார்கள்?

ஜூன் 9, 2025, திங்கள்

கம்பெனியில் மேனேஜர்களுக்கு லீடர்ஷிப் கோச்சிங் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குவாலிட்டி டிபார்ட்மெண்டிலிருந்து இந்த முறை என் பெயர். வெளியிலிருந்து ஒரு கோச், மாதம் இருமுறை, வீடியோவில் ஒரு மணி நேரம். பேசுவது எதுவும் ஹெச்ஆருக்குப் போகாது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. என் இலக்கு என்ன என்பது மட்டும் மேலதிகாரிக்குத் தெரியும்.

"நான் பாடம் எடுக்கமாட்டேன், யோசனையும் சொல்லமாட்டேன், கேள்விதான் கேட்பேன்" என்றார் அந்த அம்மா. க்ரோ என்று ஒரு முறை: எங்கே போகணும், இப்போ எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதைச் செய்யப்போகிறோம். இதைப் பரவலாக்கிய ஜான் விட்மோர் கார் பந்தய வீரராக இருந்தவர், 1965இல் ஐரோப்பிய சாம்பியன்.

இலக்கு கேட்டபோது, "வேலை, வீடு ரெண்டையும் சமாளிக்கணும் மேடம்" என்றேன். "சமாளிச்சிட்டீங்கன்னு எதை வச்சுத் தெரிஞ்சுப்பீங்க?" என்றார். நான் தினமும் சப்ளையர்களிடம் கேட்கிற அதே கேள்வி. யோசித்து இரண்டு வரி எழுதினேன். இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை போன் பீரோ மேல் இருக்கணும். இந்த வருஷம் பிளான்ட் குவாலிட்டி ஹெட் பதவிக்கு விண்ணப்பிக்கணும். இரண்டாவதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஜூன் 21, சனி

என் வீட்டுக்காரர் வேலைக்கு அஞ்சுகிறவர் இல்லை. "லிஸ்ட் கொடு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று சனிக்கிழமை காலையில் பையோடு நிற்பார். இதைப் பெருமையாகத்தான் கோச்சிடம் சொன்னேன். "லிஸ்ட்டை யார் போடறாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இன்று காலை உட்கார்ந்து, என் தலைக்குள் ஓடுகிற வீட்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதினேன். கேஸ் புக் பண்ணணும். அத்தையின் பிரஷர் மாத்திரை வியாழன் வரைதான் வரும். பெரியவளின் பாட்டு கிளாஸ் ஃபீஸ். சின்னவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, டிபிடி பூஸ்டர் தடுப்பூசி போடணும். மாவு திங்கள்கிழமைக்குப் பத்தாது. ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் நாளைக்கு என்ன கலர் டிரஸ் சொல்லியிருக்கிறார்கள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை மத்திய அரசு வெளியிட்டிருக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். லைனில் அளவு பார்க்கிற கேஜைக் கையில் வைத்துக்கொண்டே 'அரிசி ஊறப்போடணும்' என்று நினைக்கிறோமே, அதை எந்த நிமிடத்தில் சேர்ப்பது?

தாளை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் படித்தார். "இவ்வளவும் நீயா ஞாபகம் வச்சிருக்கே?" என்றார். அப்புறம் பேனாவை வாங்கி, சின்னவனின் உடம்பு சம்பந்தப்பட்ட வரிகளைச் சுற்றிக் கோடு போட்டு, "இது என்னுது" என்றார். டாக்டர், தேதி, மருந்து, ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எல்லாம் சேர்த்துத்தான்.

ஜூலை 3, வியாழன்

எங்கள் தொழிலில் ஐந்து முறை 'ஏன்' கேட்பது வேதம். டொயோட்டாவிலிருந்து வந்த பழக்கம். பாகம் ஏன் ரிஜெக்ட் ஆயிற்று, ஹோல் ஏன் பெரிதாயிற்று, டூல் ஏன் தேய்ந்தது என்று அடிவரை போவோம். கோச்சோ 'ஏன்' கேட்பதே இல்லை. 'என்ன', 'எப்போ', 'யார்' என்று போகிறார். விசாரித்தேன். மெஷினிடம் ஏன் என்று கேட்டால் காரணம் கிடைக்கும், மனிதர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சமாதானம்தான் வரும் என்றார். பெரியவளிடம் "ஏன் ஹோம்வொர்க் முடிக்கலை?" என்பதற்குப் பதில் "எந்தக் கணக்குல நின்னுட்டே?" என்று நேற்று கேட்டுப் பார்த்தேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைய செஷன் முழுக்க ராத்திரி போன்கள். மதியத்துக்கு மேல் ஓடுகிற பி ஷிஃப்ட்டில் சந்தேகம் வந்தால் பையன்கள் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். "இந்த முடிவுகள்ல எதை நீங்க இல்லாம எடுக்கலாம்?" என்றார். பிரித்துப் பார்த்தோம். சந்தேகமான லாட்டை, அதாவது சேர்ந்து ஓடிய பாகங்களை, ஒதுக்கி வைப்பது, நல்லது கெட்டது பிரிக்கிற சார்ட்டிங்குக்கு ஆள் போடுவது, லைனை நிறுத்துவது, இதெல்லாம் சீனியர் இன்ஜினியரே செய்யலாம். கஸ்டமருக்குத் தகவல் சொல்வது மட்டும் என் வேலை. இதை ஒரு பக்கத்தில் எழுதி, பிளான்ட் ஹெட்டிடம் கையெழுத்து வாங்கி, ஷிஃப்ட் ஆபீஸில் ஒட்டச் சொல்லிவிட்டேன். சீனியர் இன்ஜினியர் தயங்கித் தயங்கி, "மேடம், நான் லைனை நிறுத்தி அது தப்பாப் போயிட்டா?" என்றார். "நிறுத்தினதுக்காக உங்களை யாரும் திட்டமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். இதைச் சொல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்திருந்தால் அன்றிரவே போன் வந்திருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

சாயங்கால ரிவ்யூ மீட்டிங் ஆறு மணிக்கு. ஏழைத் தாண்டாமல் முடிந்ததில்லை. ஒரகடத்திலிருந்து தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் சின்னவன் பாதி நாட்கள் தூங்கிவிடுவான். இதை மாற்றக் கேட்கணும்.

செஷனில் ஒத்திகை பார்த்தோம். கோச் பிளான்ட் ஹெட்டாக உட்கார்ந்தார், நான் நானாக. "சார், தப்பா நினைக்காதீங்க, வீட்டுல சின்னப் பசங்க..." என்று ஆரம்பித்தேன். நிறுத்தினார். "மீட்டிங்குக்கு எந்த நேரம் நல்லது?" என்றார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஏ ஷிஃப்ட் இரண்டு மணிக்குப் போய்விடுகிறது. காலையில் ஓடிய லாட்டைப் பற்றி ஆறு மணிக்குப் பேசினால், அதை ஓட்டியவர் அங்கே இருப்பதில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் வைத்தால் இரண்டு சூப்பர்வைசர்களும் இருப்பார்கள்.

இன்று பிளான்ட் ஹெட்டிடம் அப்படியே சொன்னேன். கடைசியில், "எனக்கும் பிள்ளைகளோட சாப்பிட முடியும் சார்" என்பதையும் சேர்த்தேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "ரெண்டு வாரம் ஓட்டிப் பார்ப்போம்" என்றார். 1:45க்கு மாறியிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அத்தை எலுமிச்சை, தேங்காய், புளி என்று கலந்த சாதமாகச் செய்து அடுக்கிவிட்டார்.

நேற்று சின்னவனுக்கு ஊசி. வீட்டுக்காரரே டாக்டரிடம் நேரம் வாங்கி, கூட்டிப்போய்விட்டு வந்தார். ராத்திரி பத்தரைக்குக் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. வீட்டில் பாராசிட்டமால் சிரப் இல்லை. நானாக இருந்தால் முன்னாடியே வாங்கி வைத்திருப்பேன் என்ற பேச்சு தொண்டை வரை வந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் ஈரத்துணியை நனைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் டாக்டருக்கு போன் போட்டு, எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, மெடிக்கல் ஷாப் போய் வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு மணிக்கு மறுபடி தொட்டுப் பார்த்ததும் அவர்தான். காலையில் பார்த்தால் பீரோவுக்குள் ஒரு புது டப்பா. சிரப், தெர்மாமீட்டர், எத்தனை மில்லி என்று எழுதிய சீட்டு.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. வேலையை ஒருவரிடம் விடும்போது, அதை அவர் வழியில் கற்றுக்கொள்கிற இடத்தையும் விடவேண்டியிருக்கிறது. ஆபீஸில் எனக்கு அது எளிதாக வந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் கடினமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

என் டீமில் ஒரு பெண் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருக்கிறாள். 2017இல் சட்டம் திருத்தப்பட்டதால் 26 வாரம் கிடைத்தது. முதல் நாளே பாத்ரூமில் அழுதுவிட்டு வந்தாள். அவளுக்கும் கோச்சிங் கேட்டேன். மேனேஜர் கிரேடுக்கும் அதற்கு மேலும்தான் என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று பெண்கள் யோசிப்பது மேனேஜர் ஆன பிறகு இல்லை, இந்த மாதங்களில்தான்.

இன்னொன்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே சட்டம். எங்களிடம் அறை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, ஆயா இல்லை. ஆயா இல்லாத குறையை எந்தக் கோச்சும் கேள்வி கேட்டுத் தீர்க்க முடியாது. 'நீ உன்னை மாற்றிக்கொள்' என்பதோடு நிறுத்திக்கொள்ள கோச்சிங்கை ஒரு சாக்காக ஆக்கிவிடக் கூடாது.

மெயில் அனுப்பிவிட்டேன். விடுப்புக்குப் போகும் முன் ஒரு செஷன், திரும்பியபின் சில, அந்தப் பெண்ணின் மேலதிகாரிக்கும் ஒன்று. கூடவே இரண்டு ஷிஃப்ட்டுக்கும் ஆயா. செலவுக் கணக்கோடு திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் பிளான்ட் ஹெட். அக்கவுண்ட்ஸில் கேட்டிருக்கிறேன், நாளை தருவார்கள்.

குவாலிட்டி ஹெட் விண்ணப்பமும் தயார். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி போனைக் குறைச்சதையும் எழுது, அதுவும் சாதனைதான்" என்றார். எழுதிச் சேர்த்துவிட்டேன்.