துணைக் கேள்வி

இளையோர் நாடாளுமன்றப் போட்டிக்கு அணி சேர்க்கிறோம் என்று எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று மாலைக்குள் பிரதமர் பதவிக்கு மட்டும் 11 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சபாநாயகராக நான்கு பேர். எதிர்க்கட்சித் தலைவராக ஒருவர்கூட இல்லை. ஒரு பையனைப் பிடித்துக் கேட்டேன். "எதிர்க்கட்சின்னா எதிர்த்துப் பேசணும் சார். அப்புறம் டிபார்ட்மெண்ட்ல இன்னா நெனப்பாங்க?" என்றான்.

நியாயமான பயம்தான். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது.

போட்டி இதுதான்: ஐம்பது பேர் அளவில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் மக்களவையை நடத்திக் காட்ட வேண்டும். பதவிப் பிரமாணம், கேள்வி நேரம், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், ஒரு மசோதா. முதல் வருஷம் எல்லார் வசனத்தையும் நானே எழுதினேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மேடையில் மின்துறை அமைச்சருக்கு ஒரு வரி மறந்துபோனது. அடுத்த வரி வந்தால்தான் தன் முறை வரும் என்று எதிர்க்கட்சியும் பேசாமல் நின்றது. மொத்த அவையும் ஒரு நிமிஷம் சிலையாக நின்றதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "இங்கே யாருமே கேள்வி கேட்கலையே, ஒப்பிச்சாங்க" என்றார் ஒரு நடுவர்.

அடுத்த வருஷம் மக்களவை நடைமுறையை நானே ஒழுங்காகப் படித்தேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்தப் பதிலைப் பிடித்து இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு முடிந்தது. ஆக, உயிர் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே ஒரு விதி போட்டேன்: முதல் கேள்வி முன்கூட்டியே அமைச்சருக்குத் தெரியலாம், துணைக் கேள்வியை எனக்குக்கூடக் காட்டக் கூடாது.

ஒத்திகை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் அறையில். மார்ச் மாத வேலூர் வெயில். ஃபேன் சுற்றினால் அனல்தான் இறங்கும். ராணிப்பேட்டை பக்கத்துப் பெண் ஒருத்தி, தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த பாலாற்றைப் பற்றிக் கேட்டாள். சுற்றுச்சூழல் அமைச்சர் தயாராக வந்திருந்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை என்று அடுக்கினான். மேசைகள் அதிர்ந்தன.

அவள் உட்காரவில்லை. "அபராதம் கட்டினாங்க, சரி. எங்க ஊர்க் கிணத்துத் தண்ணியில குளிச்சா இன்னும் உடம்பு அரிக்குது. அது எந்த வருஷம் நிக்கும்னு அமைச்சர் சொல்வாரா?"

அவன் காகிதத்தைப் புரட்டினான். அதில் இல்லை. என்னைப் பார்த்தான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில், "என்கிட்ட பதில் இல்லைங்க. விசாரிச்சு அடுத்த கூட்டத்துல சொல்றேன்" என்றான். அதுவரை நடந்த ஒத்திகைகளிலேயே அதுதான் நாடாளுமன்றம் மாதிரி இருந்தது.

அந்த வருஷமும் கோப்பை இல்லை, நான்காவது இடம். ஆனால் பழக்கம் அறையை விட்டு வெளியே வந்துவிட்டது. வகுப்பில் பாடம் நடத்தும்போது "சார், ஒரு துணைக் கேள்வி" என்று கை தூக்கினார்கள். "உங்க பசங்களுக்கு வாய் நீண்டுபோச்சு" என்று சக ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். டீ, சமோசா, ஜெராக்ஸுக்கென்று வாங்கிய பணத்துக்கு அணியே என்னிடம் கணக்குக் கேட்டது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சுருக்கென்று இருந்தது. பாதிச் செலவு என் சட்டைப்பையிலிருந்து போனது, என்னையே கேட்கிறார்களே! ஆனாலும் அன்றிரவு உட்கார்ந்து கணக்கு எழுதினேன். 140 ரூபாய் இடித்தது.

தேர்வுக்கு முன்னால் அந்தப் பாலாற்றுப் பெண் ஒரு தாளை நீட்டினாள். பெண்கள் கழிப்பறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை, ஏன் என்று ஒரே கேள்வி. பக்கத்தில் நட்சத்திரக் குறி. கல்லூரி முதல்வரிடம் நான்தான் கொண்டுபோக வேண்டுமாம். மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

நான்காம் நாள் கொடுத்தேன். முதல்வர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இந்த ஸ்டார் எதுக்குய்யா?"

"நீங்க வாயாலதான் பதில் சொல்லணும்னு அர்த்தம் சார். அவங்க வெளியில நிக்கிறாங்க."