மார்ச் கடைசி வாரமும் பெருங்காயமில்லாத சாம்பாரும்

வங்கியில் வேலை பார்ப்பவர் வீட்டுக்கு மார்ச் கடைசி வாரத்தில் விருந்தாளி வரமாட்டார். எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மருத்துவமனை கொடுக்கிற தேதிக்கு அதெல்லாம் தெரியுமா? கல்லூரித் தோழியின் மகனுக்குக் குடல் மருத்துவரிடம் மறுபரிசோதனை அந்த வாரம்தான் அமைந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து அவளும் பையனும் அவளுடைய மாமனாரும் சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. ஓட்டலில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பையன் ஓட்டலில் எதைத் தின்பான் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே வாருங்கள் என்றேன். கணவருக்கு வேலை ஓசூரில். சமையலறை முழுக்க என் பொறுப்பு.

பையனுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களை விலக்குவதுதான் சிகிச்சை. கொஞ்சமாகச் சாப்பிட்டால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. துளி மாவும் கெடுதல்தான்.

மாமா, அதாவது தோழியின் மாமனார், தமிழ்ச் சமணர். நயினார் குடும்பம். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை எதுவும் கிடையாது. பச்சை இஞ்சி கூடாது, சுக்கு ஆகும். கத்தரிக்காய் தொடமாட்டார். இரவு வைத்துப் புளித்த மாவும் அவருக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொழுது சாய்ந்தபின் உணவு இல்லை, தண்ணீரும் இல்லை. இந்த ஒழுக்கம் எல்லாச் சமண வீடுகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் தோழியிடம் ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். "என்னென்ன கூடாது?" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பாதிதான் நினைவுக்கு வரும். "சாம்பார் பொடி கடையில் வாங்கியது, போடலாமா?" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

அந்தக் கேள்வியில்தான் பெருங்காயம் வந்து நின்றது. வெங்காயம் பூண்டு இல்லாத சமையலைத் தூக்கி நிறுத்துவதே பெருங்காயம்தான். என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன்: கோதுமை மாவு, கருவேலம் பிசின், அதற்குப் பிறகுதான் பெருங்காயம். நாம் வாங்குவது கலப்புப் பெருங்காயம். அசல் பிசினின் காரத்தைத் தணிக்க மாவு சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆக, மாமாவுக்கு எது துணையோ அது பேரனுக்கு விஷம். கடையில் வாங்கிய சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி எல்லாம் அந்த ஒரு டப்பாவோடு சேர்ந்து பரணுக்குப் போயின. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரத்தில் அதைத் தேடிக் கடை கடையாக அலைய யாருக்கு நேரம்?

ஆளுக்கொரு சமையல் என்பதை முதலிலேயே விட்டுவிட்டேன். தனித்தட்டு வைத்து "இது உனக்கு, அது உனக்கில்லை" என்று ஒரு குழந்தைக்குப் பரிமாறுவது எனக்குப் பிடிக்காது. ஆண்டு முடிவுக் கணக்கை வைத்துக்கொண்டு அதற்குத் தெம்பும் இல்லை. மூவரும் நானும் ஒரே பானையில் சாப்பிடுவது என்று முடிவு. புடலங்காய், பீர்க்கங்காய், அவரை, வெள்ளைப் பூசணி, வாழைக்காய், முருங்கைக்காய் என்று காய்க்குப் பஞ்சமே இல்லை. வெந்தயத்தை நல்லெண்ணெயில் நன்றாகச் சிவக்க விட்டு, தனியா, மிளகாய், தேங்காயை வறுத்து அரைத்துவிட்டால் சாம்பாரில் பெருங்காயத்தை யாரும் தேடுவதில்லை. ரசத்துக்கு மிளகும் சீரகமும் நெய்யும் போதும்.

சிக்கலெல்லாம் பலகாரத்தில். இட்லி, தோசைதான் நமக்கு ஆபத்பாந்தவன்; புளித்த மாவு ஆகாது என்றதும் அதுவும் போயிற்று. இடியாப்பம், பிடிகொழுக்கட்டை, அரிசி உப்புமா, அரைத்தவுடன் வார்க்கும் அடை என்று சுற்றி வந்தேன். அரிசியை மாவு மில்லில் கொடுக்கவில்லை. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் நம் மாவில்தான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பச்சரிசியைக் களைந்து, துணியில் நிழலாற உலர்த்தி, மிக்சியில் அரைத்து வைத்தேன். மைதா சலித்த சல்லடைக்குப் பதில் புதிது வாங்கினேன். சப்பாத்தி போட்டுப் பழகிய இரும்புக் கல்லை எவ்வளவு தேய்த்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. அடைக்கு வேறு கல்.

காலை நான்கரைக்கு அடுப்பு. எட்டேகாலுக்குள் மூன்று வேளைச் சமையலும் முடிந்து நான் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். தவணை தவறி 90 நாள் தாண்டிவிட்டால் அந்தக் கடன் வாராக்கடன் கணக்கில் விழும். 31ஆம் தேதிக்குள் அப்படி விழாமல் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் கிளையின் அந்த வார ஜபம். லேத் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் காலை ஏழு மணிக்குத்தான் தொலைபேசியை எடுப்பார். ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். கடுகு வெடிக்கிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. "மேடம், தாளித்துவிட்டே பேசுங்கள், நான் எங்கேயும் ஓடமாட்டேன்" என்றார். மறுநாள் பணம் கட்டினார்.

மார்ச் கடைசியில் சென்னையில் மாலை 6.20 வாக்கில் சூரியன் மறைகிறது. ஆறு மணிக்குள் மாமா சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். காலையில் செய்த கொழுக்கட்டையைத் தோழி ஆவியில் சூடுபடுத்திக் கொடுத்துவிடுவாள் என்பது ஏற்பாடு. பரிசோதனை நாளன்று மருத்துவமனையில் ரத்தம் எடுக்கவே மதியமாகிவிட்டது. திரும்பும் வழியில் நெரிசல். வட்டார அலுவலகத்தின் காணொலிக் கூட்டத்தில் நான் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஆறேகாலுக்கு அவளிடமிருந்து செய்தி: "இன்னும் பாலத்தின் மேல்தான் நிற்கிறோம்." இரவு வீட்டுக்குப் போனபோது மாமா கூடத்தில் நிதானமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒரு வேளைதானே அம்மா. நீ முதலில் சாப்பிடு" என்றார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் முடிவுகளைப் பார்க்க மருத்துவரிடம் மீண்டும் போக வேண்டியிருந்தது. மாலைச் சாப்பாட்டை எவர்சில்வர் கேரியரில் அடைத்து, கொதித்து ஆறிய தண்ணீரோடு கையில் கொடுத்துவிட்டேன். அன்று ஐந்தரைக்கு மருத்துவமனை வராந்தாவில், பெஞ்சின் மேல் கேரியரைப் பிரித்துத் தாத்தாவும் பேரனும் சாப்பிட்டார்களாம். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, கொழுக்கட்டை எந்தக் கடை என்று விசாரித்தாராம். ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு போன முறையைவிட நன்றாக இறங்கியிருந்ததில் தோழிக்குப் பாதி பாரம் குறைந்தது.

31ஆம் தேதி காலை அவர்களை வந்தவாசி பஸ் ஏற்றிவிட்டுக் கிளைக்குப் போனேன். கணக்கை மூடும்போது இரவு பத்தைத் தாண்டிவிட்டது. கடைநிலை ஊழியர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்திருந்தார், வெங்காயப் பச்சடியோடு. பொட்டலத்தை மேசையிலேயே பிரித்து, வெங்காயத்தில் ஒரு துண்டு விடாமல் தின்றேன்.