தேக்கில் ஒரு திருகோணமலை

வீட்டில் மரத்தில் செய்யும் மாதிரிக் கப்பல்களில் மூன்றாவதாக ‘டிரின்கோமாலி’யை எடுத்திருக்கிறேன். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய போர்க்கப்பல். இன்னும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதக்கிறது. பெயர் நம்ம திருகோணமலைதான்.

அசல் கப்பல் தேக்கு என்பதால் நானும் தேக்கிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். ஆசாரியிடம் கழிவுத் துண்டுகள் வாங்கி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து வைத்தேன். வீண் வீம்பு! முன்பக்கம், அதாவது அணியத்தில், பலகை சட்டென்று வளைய வேண்டிய இடத்தில் டப் டப்பென்று உடைந்தது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டேன், சால்டரிங் அயர்னைக் காட்டி வளைத்தேன். பதினோரு துண்டு வீணான பிறகே கை பழகியது. தேக்கில் எண்ணெய்ப்பசை வேறு, ஃபெவிகால் பிடிக்காது. ஒட்டும் முன் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். வீட்டில் துணி மாட்டும் கிளிப் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் கப்பலைக் கவ்விக்கொண்டிருக்கின்றன.

போன வாரம் வரைபடத்தின் இரண்டாம் தாளில் காபியைக் கொட்டிவிட்டேன். பரவாயில்லை. அசல் கப்பலுக்கு அனுப்பிய முதல் வரைபடமே பம்பாய் வந்து சேரவில்லை. அதை ஏற்றி வந்த ‘ஜாவா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1812 கடைசியில் அமெரிக்கர்கள் அடித்து வீழ்த்திவிட்டார்கள்.

இடது பக்கத்தில் இன்னும் ஆறு பலகை பாக்கி. அப்புறம் பாய்மரம்.