அரைப் பக்கத்துக்குள் 175 வருசம்

2025 பெப்ரவரி 8, சனி

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது கூடப் படித்தவன் ஒருவன் கோல் எடுத்தான். "மச்சான், பள்ளிக்கூடத்துக்கு 175 வருசம். எங்கடை வகுப்புப் பெடியள் சேர்ந்து சின்னதா ஒரு மலர் அடிக்கிறம். பேர்பெற்ற பழைய மாணவர் எண்டு ஒரு பக்கம் இருக்கு. நீதான் எழுதவேணும்."

ஏன் நான் என்று கேட்டேன். "நீ பென்சன் எடுத்திட்டுச் சும்மாதானே இருக்கிறாய்." இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது. ஓம் என்று சொல்லிவிட்டேன். வைப்பதற்கு முன்னால், "பக்கத்தில பாதி விளம்பரம் வரும், அரைப் பக்கம்தான் உனக்கு" என்றான்.

பள்ளிக்கூடம் என்பது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. ஊரில் சென் பற்றிக்ஸ். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். நான் சென் பற்றிக்ஸ் கல்லூரியில் படித்தேன் என்று ஒருமுறை சென்னையில் சொன்னபோது, எந்த டிகிரி என்று கேட்டார்கள். அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்று சொல்லவேண்டியிருந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

தொடக்க வரி எழுதிவிட்டேன். 1850 இல் யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கியது, 1881 இல் பத்திரிசியார் பெயரைப் பெற்றது, அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வளர்த்தது. அயர்லாந்துப் புனிதர் ஒருவர் பனங்காட்டு ஊரில் வந்து உட்கார்ந்த கதை அவ்வளவுதான். இதை எல்லா மலரிலும் எழுதியிருப்பார்கள். இதற்கு மேல் இடம் கொடுக்கப்போவதில்லை.

மருமகன் ரியூசன் முடித்து வந்தான். ஒன்பதாம் வகுப்பு, அதே பள்ளிக்கூடம். இலச்சினையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஃபிதே எத் லபோரே." அர்த்தம்? "விசுவாசமும் உழைப்பும், மாமா. அதைப் போய்க் கேக்கிறியளே!" நான் படித்த காலத்தில் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 12, புதன்

முதல் சண்டை. ஜி.ஜி. பொன்னம்பலத்தைப் போட்டேன். "அரசியல் வேண்டாம் மச்சான், பாதிப் பேருக்குப் பிடிக்காது" என்கிறான். சிங்களவருக்குப் பாதி, மற்றவர்களுக்குப் பாதி என்று சட்டசபையில் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவரை, 1944 இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவரை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் யாரைப் போடுவது?

ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. ஜி.ஜி. எங்களிடம் படித்தார், பிறகு கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் படித்தார். அவர்களும் தங்கள் மலரில் போடுவார்கள். கேம்பிரிட்ஜும் போடலாம். ஒரு மனிதரை மூன்று நான்கு இடத்தில் பங்கு பிரித்தால் எங்களுக்கு எந்தத் துண்டு வரும்? இன்னொரு வேடிக்கை: அவரை விட்டுப் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய செல்வநாயகம் படித்தது சென் ஜோன்சில். அது அங்கிலிக்கன் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்து அரசியலையே பள்ளிக்கூட மட்ச் மாதிரி எழுதிவிடலாம் போல. எழுதமாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஜி.ஜி. வந்த வழி வேறு. 1948 முதல் 1953 வரை அவர் கைத்தொழில் அமைச்சர். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை என்றால் இன்றும் கிழவர்கள் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஐயா வீட்டுக்கு அத்திவாரம் போட்டபோது வாங்கிய சீமெந்துப் பைகளை அம்மா உதறி, துடைத்து, வெயிலில் காயவைத்து வைத்திருந்தா. ஒவ்வொரு தையிலும் அந்தத் தடித்த மண்ணிறக் கடதாசியில்தான் என் புத்தகங்களுக்கு உறை. எவ்வளவு உதறினாலும் மடிப்புக்குள் கொஞ்சம் தூள் இருக்கும். கணிதக் கொப்பியைத் திறந்தால் விரல் நுனி சாம்பல் நிறமாகும், தும்மல் வரும். சென் பற்றிக்சில் படித்த ஒருவரின் தொழிற்சாலைக் கடதாசியைச் சென் பற்றிக்சுக்கே சுமந்துகொண்டு போயிருக்கிறேன். மலரில் போடுவதானால் இதைத்தான் போடவேண்டும். விடமாட்டான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து பெரிய கோவிலிலிருந்து (எங்கள் பேராலயத்தை அப்படித்தான் சொல்வோம்) சைக்கிளில் பொது நூலகப் பக்கம் போனேன். முன்னால் சரசுவதி. அதே வளாகத்தில் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாதர், லோங் அடிகளார். எங்கள் றெக்டராக இருந்தவர், 1936 முதல் 1954 வரை.

வெளியூரார் இந்த இரண்டு சிலையையும் சேர்த்துப் பார்த்தால் குழம்பிப்போவார்கள். எங்களுக்கு அது சாதாரணம். 1933 இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்துத் தொடங்கிய இரவல் நூலகம் அது. பெரிய கட்டடம் வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தபோது, மேயர் சாம் சபாபதியோடு சேர்ந்து ஓடியாடியவர்களில் லோங் அடிகளார் முக்கியமானவர். களியாட்ட விழா வைத்தார்கள், லொத்தர் அடித்தார்கள். ஒரு பாதர் லொத்தர் விற்க முன்னால் நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். யார் மறுத்திருப்பார்கள்? அடிக்கல் வைத்து, 1959 இல் திறந்தார்கள். கட்டடம் வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன், நூலக ஒழுங்குக்கு ஆலோசனை எஸ்.ஆர். ரங்கநாதன். அப்புறம் 1981 யூன் முதலாம் திகதி விடியுமுன் 97,000 புத்தகங்களும் சாம்பல். எரிவதைக் கண்ட தாவீது அடிகளார், பல மொழி படித்த அறிஞர், அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

லோங் அடிகளார் எங்கள் பழைய மாணவர் இல்லை. அயர்லாந்துக்காரர். விதிப்படி என் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. சிலைக்குக் கீழே கச்சான் சாப்பிட்டபடி இருந்த இரண்டு பெடியன்களிடம் இவர் யார் என்று கேட்டேன். ஒருவன், "லைபிரரி கட்டின பாதர்" என்றான். மற்றவன், "வெள்ளைக்காரர்" என்றான். இரண்டும் சரி.

பெப்ரவரி 23, ஞாயிறு

தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாரைத் தொடாமல் ஒத்திவைத்துக்கொண்டே வந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நண்பன் அனுப்பிய மாதிரி வாக்கியம் இது: "எமது கல்லூரி அன்னை தமிழ் உலகுக்கு ஈன்றளித்த தவப்புதல்வர்." படித்தவுடன் எனக்குள் ஏதோ முரண்டுபிடித்தது. விபரத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். 1913 இல் தீவுப்பகுதிக் கரம்பனில் பிறக்கிறார். பெயர் சேவியர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில், பிறகு 1923 முதல் 1930 வரை எங்களிடம். அப்புறம் கொழும்பில் குருமடம், அதன்பிறகு ரோமாபுரி. அதாவது பத்து வயதில் தீவிலிருந்து பட்டினத்துக்கு வந்த பையன் பதினேழில் புறப்பட்டுவிட்டான். இடையில் அவனுக்கு நாங்கள் கொடுத்தது என்ன? நல்ல ஆங்கிலம். அன்றைய பெரிய பள்ளிக்கூடங்களில் தமிழுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பின்வாசல் பக்கம் ஒரு வாங்கு.

அவர் தமிழைத் தமிழாகப் படித்தது குருவான பிறகு. 1940 இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு உதவித் தலைமை ஆசிரியராகப் போகிறார். அங்கே குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் பாடம் கேட்கிறார். ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த பாதர், தன் பள்ளிக்கூடத்துப் பண்டிதருக்கு முன்னால் கொப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியை நினைத்தால் சந்தோசமாக இருக்கிறது. முப்பது வயதுக்குக் கிட்ட அரிச்சுவடிக் கூச்சத்தை விழுங்குவது சின்னக் காரியமில்லை. 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி மாணவனாகிறார். சங்கப் பாட்டில் இயற்கை என்பது அவருடைய ஆய்வு.

அப்படியானால் 'ஈன்றளித்தது' யார்? கரம்பனா, நாங்களா, வடக்கன்குளத்துப் பண்டிதரா?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி யோசித்தேன். 1954 இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் தேடிக் கண்டெடுத்தது அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ் போர்த்துக்கேய அகராதி, 1679 இல் அச்சானது. அதை 1966 இல் கோலாலம்பூரில் மறுபடி பதிப்பிக்கவைத்தார். 1554 இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் தமிழை அச்சடித்த 'கார்த்தில்யா'வைப் பற்றியும், 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வந்த பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தைப் பற்றியும் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முன்வரிசை. இந்தப் புத்தகங்களைத் தேட வெறும் தமிழ்ப் பண்டிதராக இருந்தால் போதாது. ஐரோப்பிய மொழிகள் வேண்டும், அங்கி வேண்டும், எந்தக் கதவை எப்படித் தட்டுவது என்ற பழக்கமும் வேண்டும். அந்த வழியில் முதல் கல் வைத்தது எங்கள் பள்ளிக்கூடமாக இருக்கலாம். தமிழைக் கொடுக்கவில்லை, தமிழைத் தேடிப்போகும் சாமான்களைக் கொடுத்தது.

இதை அரைப் பக்கத்தில் எப்படி எழுதுவது? தேத்தண்ணி ஆறிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

1964 இல் டெல்லியில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு, அப்புறம் சென்னை, பாரிஸ். நான்காவது எங்கள் ஊரில், 1974 தையில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு அலங்காரம் பார்க்கப் போனார். சந்திக்குச் சந்தி சிகரம், வாழை, மின்குமிழ். ஒரு சந்தியில் சைக்கிளை நிறுத்தி, கூட்டத்துக்குள் நின்ற ஒரு பாதரைக் காட்டி, "அவர் உங்கடை பள்ளிக்கூடத்தில படிச்சவர், தெரியுமோ" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கியின் முதுகுதான் தெரிந்தது. அவர்தானா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். ஐயாவுக்கு எல்லாப் பாதரும் ஒன்றுதான், சைவக்காரர். பாரில் இருந்து கால் விறைத்தது மட்டும் நிச்சயம்.

பத்தாம் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் மாநாட்டுக் கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்து ஆட்கள் செத்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று ஐயாவும் போகவில்லை. அடுத்த நாள் காலை மதிலடியில் பக்கத்து வீட்டாரோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து தட்டெழுத்தைத் திருத்தினேன். 1554 ஐ 1545 என்று அடித்திருக்கிறேன். ஒன்பது வருசம் முந்தி அச்சு இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறேன். மருமகன்தான் கண்டுபிடித்தான். சிரித்தான். இனி ஒரு வருசத்துக்குச் சொல்லிக்காட்டுவான்.

மார்ச் 9, ஞாயிறு

குருநகர்க் கரையில் கூடப் படித்தவன் ஒருவனைச் சந்தித்தேன். பைபர் போட் கட்டுகிறவன். வகுப்பில் கடைசி வாங்கு, மட்சில் முதல் ஆள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு நடக்கிற பொன் அணிகளின் சமர் என்ற கிரிக்கெட் மட்சுக்கு இன்றைக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவான். படகின் அடிப்பலகையில் பிசின் பூசியபடியே பக்கத்தைப் பற்றி விசாரித்தான். பூசிய இடத்தை முழங்கையால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, ஒரு இடத்தில் மட்டும் மறுபடி பூசினான். எனக்கு எல்லா இடமும் ஒரே சத்தம்தான்.

"என்ரை பேரையும் போடன்" என்றான். என்ன காரணத்துக்கு என்று கேட்டேன். "ஒரு போட்டும் இதுவரை தாழேல்லை. ஜி.ஜி.க்கு அப்பிடிச் சொல்லேலுமே?"

மார்ச் 17, திங்கள்

பத்திரிசியார் திருநாள். பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டேன். 'ஈன்றளித்த தவப்புதல்வர்' வெட்டி, 'எமது கல்லூரியில் 1923 முதல் 1930 வரை படித்தவர். பின்னர் வடக்கன்குளத்தில் தமிழ் பயின்றார்' என்று போட்டேன். லோங் அடிகளாரைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறேன், நூலகத்தோடு. சீமெந்துக் கடதாசி போகவில்லை.

பின்னேரம் கோல் வந்தது. "மச்சான், வடக்கன்குளம் ஏன்? இடம் காணாது. எடுக்கட்டே?"

"எடுத்தால் என்ரை பேரையும் எடு."

கொஞ்ச நேரம் மூச்சில்லை. பிறகு, "சரி, விளம்பரத்தைச் சின்னனாக்கிறன்" என்றான்.